கண்டதை வரைந்தோம்

நரி தந்திரம் மிக்கது என்கின்றனர். யாரை ஏய்த்தது அந்த நரி? எந்தக் காக்கையிடமிருந்து வடையைப் பறித்தது? எந்த அரசவையில் அமைச்சனாக வீற்றிருந்து சூழ்ச்சி உரைத்தது? கண்டவர் எவருமிலர், கேட்டவரோ கோடி! பாட்டி சொன்னாள், தாய் கேட்டாள். தாய் சொன்னாள், பிள்ளை கேட்டது. படக்கதை நூலும் வண்ணம் பூசி அதையே காட்டிற்று. நரியின் முகத்தைப் பார்த்தறியாத ஐந்து வயதுக் குழந்தை, நரியின் குணத்தைப் பற்றித் தீர்ப்பு வழங்குகிறது. அதே நரி விடியற்காலையில் எதிர்ப்பட்டால் நற்பேறு என்றும் சொல்லித் தருகிறோம். வஞ்சகனும் அதுவே, வாழ்வளிப்பதும் அதுவே! முரண்பாடு என்று கேட்க நாவெழுவதில்லை.

நரியோடு நின்றதா? ஆந்தை அலறினால் சாவு. பல்லி தோளில் விழுந்தால் ஒரு பலன், தலையில் விழுந்தால் வேறொரு பலன். பாம்புக்குப் பால். பாட்டிக்கதைதானே, போகட்டும் என்பார் உளர். போகவில்லை, தோழர்களே! 2017ஆம் ஆண்டு மே திங்கள் இறுதி நாளில், இராசத்தான் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், பணி ஓய்வு பெறும் அன்று, செய்தியாளரிடம் ஓர் அரிய கண்டுபிடிப்பை அறிவித்தார். ஆண்மயில் வாழ்நாள் முழுதும் மணமறியாத் துறவியாம். அதன் கண்ணீரைப் பருகித்தான் பெண்மயில் கருவுறுகிறதாம்! சாட்சி இல்லாமல் தீர்ப்பில்லை என்ற நெறியிலே பல்லாண்டு பயின்றவர் அவர். மயிலின் வழக்கில் மட்டும் சாட்சி கேட்கத் தோன்றவில்லை. இளமையிலே செவிவழி புகுந்தது, முதுமை வரையில் சோதனைக்கு உட்படாமலே உள்ளே குடியிருந்தது.

ஆகவே, குழந்தையின் கையிலே முதன்முதல் கொடுக்கத்தக்க விலங்கு உண்மை விலங்கே என்று எண்ணினோம். எண்ணியதோடு நில்லாமல் அதை வரைந்தோம், எழுதினோம், எங்கள் கைப்பொருளால் அச்சிட்டோம். 32 பக்கச் சிறு நூல். அதன் வரலாற்றை இங்கே உரைப்பது பெருமை பேசுவதற்காக அன்று. பிற ஊர்த் தோழர்களும் இதைச் செய்ய இயலும், செய்ய வேண்டும் என்பதற்காக.

நாங்கள் நால்வர். ஒருவர் பள்ளி ஆசிரியை. ஒருவர் சுவர் விளம்பரம் எழுதும் ஓவியர். இருவர் ஆலைத் தொழிலாளர். ஊர் குடிகாடு. கடலூர் முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, உப்பனாற்றின் பக்கத்தில், சிப்காட் ஆலைகளின் புகைக்கு அண்டை வீடாக இருக்கும் ஊர். பணியை எடுத்த அன்றே எங்களுக்கு நாங்களே இரு சட்டம் இட்டுக்கொண்டோம். எங்களில் இருவரேனும் நேரில் காணாத உயிரை வரைவதில்லை என்பது ஒன்று. ஆராய்ந்து நிறுவப்பட்ட செய்தியை அன்றி வேறெதையும் படத்தின் கீழே எழுதுவதில்லை என்பது மற்றொன்று.

அவ்வளவுதான், சிங்கம் விடைபெற்றது! யானை, வரிக்குதிரை, ஒட்டகச் சிவிங்கி எல்லாம் வரிசையாக வெளியேறின. எஞ்சியவை எவை? நண்டு, பல்லி, காக்கை, குயில், சாரைப்பாம்பு, கூகை, கடலாமை, சேற்றில் துள்ளும் மீன், பிச்சாவரத்து நரி. "இவற்றை எந்தக் குழந்தை விரும்பும்?" என்று நண்பர்களே நகைத்தனர். காணாததை வரைந்தால் என்ன குடிமுழுகிவிடும் என்றும் கேட்டனர்.

என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலே விடை உண்டு. குசராத்துச் சுல்தான் போர்த்துக்கேயருக்குப் பரிசாக அளித்த காண்டாமிருகம் ஒன்று, கோவாவிலே கப்பலேற்றப்பட்டு, 1515ஆம் ஆண்டு லிசுபன் நகரில் இறங்கிற்று. செருமானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் அதை நேரில் கண்டவரல்லர். பிறர் எழுதிய குறிப்பையும் ஒரு கோட்டோவியத்தையும் துணைக்கொண்டு அதன் உருவத்தை வரைந்தார்; மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டனர். கொல்லன் பட்டறையில் அடித்துப் பூட்டிய கவசம்போல உடலெங்கும் தகடு. முதுகின்மீது இல்லாத ஒரு சிறு கொம்பு! ஓவியத் திறனுக்கு ஒப்பில்லை, உருவத்திலோ உண்மையில்லை. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய நூல்கள் அந்தக் கவசக் காண்டாமிருகத்தையே படி எடுத்துப் படி எடுத்து அச்சிட்டன. கையால் எழுதிய பொய் ஒரு வீட்டில் கிடக்கும். அச்சேறிய பொய் நாடு நாடாகப் பயணம் செய்யும்.

இங்கிலாந்திலே, நியூகாசில் நகரத்து மரச்செதுக்கு ஓவியர் தாமசு பியூவிக், 1790ஆம் ஆண்டு நாற்கால் உயிர்களின் வரலாறு என்ற நூலைக் கூட்டாளிகளோடு சேர்ந்து தாமே வெளியிட்டார். தம் ஊர் வயல்வெளியிலே கண்ட மாடும் நாயும் அந்நூலில் மூச்சுவிடுகின்றன. பிறர் படத்தைப் பார்த்து வரைந்த அயல்நாட்டு விலங்குகளுக்கோ அத்துணை உயிரில்லை. கண்ணால் கண்டதற்கும் காதால் கேட்டதற்கும் உள்ள தொலைவை ஒரே நூலுக்குள் அளந்து பார்க்கலாம்.

தமிழனுக்கு இது புதிதா என்றால், இல்லை. ஐங்குறுநூற்றைப் புரட்டுங்கள். நண்டுக்குப் பத்துப் பாட்டு; எருமைக்குப் பத்து; குரங்குக்குப் பத்து; கிளிக்குப் பத்து; கடற்கரைச் சிறுவெண்காக்கைக்கும் பத்து! வயலிலும் கழியிலும் வாழ்ந்த உயிரை, வாழ்ந்த இடத்திலேயே நின்று பார்த்த புலவர்கள் அவர்கள். அண்மைக் காலத்திலும் மா. கிருட்டிணன் இருந்தார். தாமே காட்டிலே திரிந்து, தாமே எழுதி, தாமே வரைந்து, கல்கத்தா ஏடொன்றில் 1950 முதல் 1996இல் மறையும் வரையில் கானுயிர்க் குறிப்புகளை வெளியிட்டு வந்தார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம், 1968 தொடங்கிப் பத்துத் தொகுதிகளாகத் தமிழிலே வந்தது. அந்த வழி அடைபடாமல் காப்பதுதான் நம் கடமை.

விடுமுறை நாளெல்லாம் புறப்பட்டோம். சிதம்பரத்திற்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்பில், நீர் வற்றிய நேரத்திலே, சேற்றின்மேல் ஆயிரம் கைகள் எங்களை அழைத்தன. ஒரு கை மட்டும் பெருத்த சிறு நண்டுகள்! பெருங்கை ஆண் நண்டுக்கே உண்டு. அதை ஆட்டித்தான் பெண்ணை அழைக்கும், பகையை விரட்டும். உண்பதற்கு அது உதவாது. சிறுகையால் மட்டுமே சேற்றை அள்ளி வாயிலிடும். பெண்ணுக்கோ இரு கையும் சிறியவை. இரு கையாலும் உண்ணலாம். பக்கத்திலே, துடுப்பையே காலாக ஊன்றித் தரையில் நடந்த மீன், ஈரத்தோலின் வழியாகவும் மூச்சுவாங்கும். மீன் நீரைவிட்டு வந்தால் செத்துப்போகும் என்று மனப்பாடம் செய்த குழந்தைக்கு, இந்த ஒரு மீன் போதும். விதியைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் தானே பிறக்கும்.

மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடலாமைக்காக மணலிலே இரவெல்லாம் காத்திருந்தோம். பங்குனியை ஒட்டிக் கரையேறுவதால் அந்தப் பெயர். பார்த்து வைத்த பெயர். அதனால் அந்தப் பெயருக்குள்ளேயே நாட்காட்டி இருக்கிறது! குழி தோண்டி, நூறு முட்டை அளவில் இட்டு, மணலால் மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குச் சென்றது தாய். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது; வெப்பம் மிகுந்தால் பெண்கள் மிகுதி. 'விதி' என்று விளம்புவோர் கண்டு தெளிக!

கூகைக்கு இரண்டு பக்கம் ஒதுக்கினோம். வட்ட முகம் ஒலியைத் திரட்டித் தரும் கிண்ணம். செவிகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. அதனால்தான் கும்மிருட்டிலும் எலி இருக்கும் இடத்தை ஒலியைக் கொண்டே அறிகிறது. நெல்லைத் தின்னும் எலியைத் தின்று உழவனுக்குத் துணை நிற்கும் பறவையைச் சாவுத் தூதன் என்கிறோமே, நன்றி மறந்தவர் யார்? பல்லியின் கால்விரலை ஓவியர் பெரிதாக்கி வரைந்தார். விரலடியில் எண்ணற்ற நுண்மயிர்கள். அவற்றின் நுனிக்கும் சுவருக்கும் இடையே எழும் மூலக்கூற்று ஈர்ப்பாலேயே ஒட்டுகிறது, பசையால் அன்று என்று 2002ஆம் ஆண்டில் அறிவியலார் நிறுவினர். பலன் சொல்வதற்காகப் பல்லி விழுவதில்லை. பிடி தவறி விழுகிறது. குயிலில் கூவுவது கரிய ஆண். பாம்புக்குப் பால் உணவன்று. பின்னிப் பிணைந்து எழும் இரு சாரைகள் பெரும்பாலும் காதலர் அல்லர். மல்லுக்கு நிற்கும் இரண்டு ஆண்கள். நரியோ இணையோடு வாழ்ந்து, தாயும் தந்தையும் சேர்ந்தே குட்டி வளர்க்கும் விலங்கு. தந்திரம் எங்கே? பொறுப்பான குடும்பம் அது!

இவ்வளவும் எளிதாக முடிந்தது. உப்பனாற்றுக்கான பக்கத்திலேதான் தூரிகை தயங்கிற்று.

2009ஆம் ஆண்டு நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டிலே மிகக் கடுமையாக மாசுற்ற 43 தொழிற்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, கடலூரும் அதில் இருந்தது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 2004இல், சிப்காட்டைச் சூழ்ந்த ஊர்மக்கள் தம்முள்ளே கண்காணிப்பாளர்களை ஏற்படுத்திக்கொண்டு, இன்ன நாள், இன்ன மணி, இன்ன நாற்றம் என்று குறிப்பேட்டில் பதிந்தனர். வாளியைக் கருவியாக்கிக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினர். பட்டம் பெறாதவர் செய்த அறிவியல் அது. அந்த ஊர்க் குழந்தைகளுக்கான நூலில், ஆற்றுக்கு என்ன படம் போடுவது? பழைய உப்பனாற்றை வரை, மீன் துள்ளட்டும், குழந்தை மகிழட்டும் என்றார் ஒருவர். இன்றைய கரிய நீரை வரை, ஊர் உணரட்டும் என்றார் மற்றொருவர். இரவு நெடுநேரம் வாதிட்டோம்.

வழிகாட்டியது நாங்கள் இட்ட சட்டமே. பக்கத்தை மூன்றாகப் பிரித்தோம். முதற் கட்டத்திற்கு, 'முதியோர் சொன்னது' என்று பெயர். மடவை, கொடுவா, கெளிறு, இறால் என்று அவர்கள் நினைவிலிருந்து சொன்ன பெயர்களை எழுதினோம். படமில்லை, ஏனெனில் நாங்கள் அங்கே அவற்றைக் காணவில்லை. இரண்டாம் கட்டம், 'நாங்கள் கண்டது'. சென்ற நாட்களில் அக்கரையில் கண்ட கொக்கையும் காக்கையையும் சிறு நண்டையும் வரைந்தோம். மூன்றாவது கட்டத்தை வெறுமையாக விட்டு, 'நீ கண்டது' என்று மட்டும் எழுதினோம். கேள்வி வேறு, காட்சி வேறு என்ற பாகுபாட்டைச் சிறுவர் நூலிலேயே கற்பிக்க வேறென்ன வழி?

கைப்படியோடு பதிப்பகத்தின் படியேறினோம். "கதை எங்கே? நீதி எங்கே? விலங்கு பேசினால்தான் விற்கும்" என்று திருப்பி அனுப்பினர். செல்வர் ஒருவர் முன்வந்தார். ஆயிரம் படிக்கான செலவு முழுவதும் தம்முடையது என்றார். கைம்மாறாக இரண்டே மாற்றம் கேட்டார்: முதற்பக்கத்தில் மூஞ்சூறு வாகனத்துடன் பிள்ளையார் அமர வேண்டும், ஆற்றுப் பக்கம் அகல வேண்டும். காணாததைச் சேர், கண்டதை நீக்கு! எங்கள் இரு சட்டங்களுக்கும் ஒரே மூச்சில் விலை பேசினார். கையிலே காசில்லை என்பது உண்மை. ஆயினும் வணங்கி விடைபெற்றோம்.

அப்போது எங்களுக்குத் துணை நின்றது ஓர் ஆங்கிலப் பெண்மணியின் வாழ்க்கை. பியாட்ரிக்சு பாட்டர், நோயுற்ற சிறுவன் ஒருவனுக்கு 1893ஆம் ஆண்டு எழுதிய படமடலிலிருந்து முயல் கதை ஒன்றை உருவாக்கினார். பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் தம் செலவிலே 250 படிகள் அச்சிட்டார். உள்ளே கறுப்புக் கோட்டோவியங்கள், சிறு கைக்கடங்கிய அளவு, குறைந்த விலை. தீர்ந்துபோகவே, 1902 பிப்ரவரியில் மேலும் 200. அதே ஆண்டு அக்டோபரில் பதிப்பகம் வண்ணத்தில் வெளியிட்டது. அவர் முயலுக்குச் சட்டை அணிவித்தது உண்மையே. ஆனால், தம் வளர்ப்பு முயலைப் பலகாலம் பார்த்து வரைந்த கை அது. காளான்களை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1897இல் இலின்னேயசுக் கழகத்தில் படைக்கப்பட்டபோது, பெண் என்பதால் அவருக்கு அந்த அவையில் இடமில்லை. கழகம் கதவடைத்தது, குழந்தைகள் கதவைத் திறந்தனர்.

சிக்கனமே எங்களுக்கும் வழி சொல்லிற்று. அச்சகத்தார் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு தகட்டில் எட்டுப் பக்கம் எனக் கொண்டால், 32 பக்கத்திற்கு ஒரே நிறமெனில் 4 தகடு. நான்கு வண்ணமெனில் 16 தகடு. உள்ளே கறுப்பு மட்டும், மேலட்டைக்கு மட்டும் வண்ணம் என்று முடிவு செய்தோம். கோடுகளுக்கு இடையே வெண்மை நிறைய இருந்தது. குழந்தைகள் தாமே வண்ணம் தீட்டிக்கொள்ளலாம் என்று அட்டையிலே அச்சிட்டோம். நடுவே கம்பிப்பின் அடித்த 500 படிகள். விலை 40 ரூபாய். ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் முன்பணம் திரட்டினோம். நூலுக்குரிய ஐ.எஸ்.பி.என். எண்ணை நடுவண் அரசின் முகமை கட்டணமின்றி வழங்குகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கல்கத்தா தேசிய நூலகத்திற்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்கும் படி அனுப்ப வேண்டும், அனுப்பினோம். குடிகாட்டு நண்டு நாட்டின் நூலகத்திலே இடம்பெறட்டும்!

வரவேற்பு எப்படி? மேலட்டையில் கூகை இருந்ததால், கடைக்காரர் ஒருவர் நூலைத் தொடவே அஞ்சினார். 'ஆந்தைப் படம் வீட்டுக்கு ஆகாது' என்று திருப்பித் தந்த பெற்றோரும் உண்டு. ஆனால், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி மூன்று இரவு விளக்கடியில் அமர்ந்து, பல்லி பிடித்த பூச்சிகளை எண்ணிக்கொண்டு வந்து, எங்கள் நூலில் அந்த எண் ஏன் இல்லை என்று கேட்டாள். மற்றொரு சிறுவன் ஆற்றுப் பக்கத்தை விரித்து, "முதல் கட்டத்தில் நாலு மீன் இருக்கே, இரண்டாவதில் ஏன் ஒன்றுகூட இல்லை?" என்றான். நாங்கள் விடை சொல்லவில்லை. "உன் தந்தையைக் கேள், ஆலையைக் கேள், அலுவலகத்தைக் கேள்" என்றோம். நூல் செய்ய வேண்டிய பணி அந்தக் கேள்வியிலே நிறைவேறிற்று. நீதி சொல்லி முடிக்கும் நூல் குழந்தையை உறங்க வைக்கும். கண்டதை மட்டும் சொல்லி நிறுத்தும் நூல் அதை எழுப்பிவிடும்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் ஓர் ஏரி உண்டு. ஏரியிலே தவளை உண்டு. புளியமரத்திலே வௌவால் உண்டு. அதைப் பற்றி நூறு பொய்களும் உண்டு. கோடு இழுக்கத் தெரிந்த ஒருவர், பிழையின்றி எழுதத் தெரிந்த ஒருவர், பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த இருவர் போதும். பெரும்பதிப்பகத்தின் கருணைக்குக் காத்திராதீர்கள். நிபந்தனையோடு நீட்டப்படும் பணத்திற்குக் கை ஏந்தாதீர்கள். பதினாறு பக்கமானாலும் பழுதில்லாத பக்கமாக இருக்கட்டும். நூலின் இறுதியிலே ஒரு பக்கத்தை வெறுமையாக விடுங்கள். அதை நிரப்பப் போகும் கை, நாளை எந்த ஏட்டையும், எந்த மேடையையும், எந்த ஆணையையும் பார்த்து, 'நீ கண்டாயா?' என்று கேட்கும் கை!